மான் சீசனுக்கு இரவல் கொடுத்த துப்பாக்கி

ஆட்டர் க்ரீக்கில் வெர்ன் ஹாப்பலாவிடம் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்ளாத ஆள் ஒருவன் இருந்தால், அவன் வெளியூரிலிருந்து குடிவந்தவனாகத்தான் இருப்பான். சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியது அவருடைய பிழைப்பு. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதில்லை. ஆகஸ்டு வந்தால் ஊர்க் கூடத்தில் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. சம்பளம் கிடையாது, காபியும் டோனட்டும்கூட அவர் கைக்காசுதான். தோட்டா இல்லாத துப்பாக்கி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, அப்படி நினைத்துத்தான் கையை நீட்ட வேண்டும் என்பார். குழாய் முனை பக்கத்துப் பிள்ளை பக்கம் கொஞ்சம் திரும்பினால் போதும், வெளியே அனுப்பிவிடுவார். பிள்ளை அழுதாலும் சரி, அப்பன் வந்து மல்லுக்கு நின்றாலும் சரி, அடுத்த வருஷம் வா என்பதோடு பேச்சு முடிந்தது. இன்றைக்கு ஷெரிப் ஆபீஸில் டெபுடியாக இருக்கிற நேட் க்ராஸ்மனே அப்படி ஒரு வருஷம் வெளியே நின்றவன்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர். அதனால்தான் இதைச் சொல்லவே நாக்குக் கூசுகிறது.

ஆபத்தான ஆள் என்று தெரிந்தால் அவனுடைய துப்பாக்கியை நீதிபதி உத்தரவு போட்டு வாங்கி வைக்கலாம் என்று மாநிலத்தில் சட்டம் வந்தபோது எங்கள் ஊர்க் கூடம் நிரம்பி வழிந்தது. அன்றைக்குப் பேசியவர்களில் பாதிப் பேர் வெறும் கத்தல். வெர்ன் கத்தவில்லை. எழுந்து நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, விவரமாகத்தான் பேசினார். மனசு சரியில்லாதவன் டாக்டரிடம் போனால் துப்பாக்கி போய்விடும் என்று பயந்தால், அவன் டாக்டரிடமே போக மாட்டான் என்றார். அது உண்மைதான்.

"நம்ம ஆளை நாமளே பாத்துக்குவோம். எவனுக்காவது தலை சூடாயிடுச்சுன்னா, அவன் வீட்டுக்குப் போய், 'குடுடா, கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்'னு வாங்கி வெக்க எனக்குத் தெரியும். அதுக்கு நீதிபதி எதுக்கு?" என்றார். கடைசியாக, "என் துப்பாக்கிய எவனாச்சும் எடுக்கணும்னா என் பிணத்தைத் தாண்டித்தான் எடுக்கணும்" என்று முடித்தார். கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

வாய்ச்சவடால் என்று நினைத்துவிடாதீர்கள். வெர்னோடு வேட்டைக்குப் போகிற க்ளிஃபின் மனைவி செத்த வருஷம், க்ளிஃப் யாரோடும் பேசாமல் அடுப்படியில் சுருண்டு கிடந்தபோது, வெர்ன்தான் போய் அவனுடைய துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, பனி உருகி க்ளிஃப் மறுபடியும் சீட்டாடி ஏமாற்ற ஆரம்பித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். க்ளிஃப் இன்றைக்கு உயிரோடு இருப்பது அதனால்தான் என்று க்ளிஃபே சொல்வான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஒருத்தருக்கொருத்தர் வாங்கி வைத்துக்கொள்வோம், வெளியே மூச்சுவிட மாட்டோம்.

வெர்னுக்கும் அவர் மனைவி ஜோனுக்கும் ஒரே மகன், கோரி. மர மில்லில் வேலை. குடிக்காத நாட்களில் தங்கமான பையன் என்று ஊரே சொல்லும். அந்த நாட்கள் குறைந்துகொண்டே வந்ததை மட்டும் சொல்லாது. அவன் மனைவி ட்ரினா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். சின்ன வயதில் வெர்னின் வகுப்பில் மற்ற எல்லாரையும் தோற்கடித்தவள் அவள். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பெண், கல்யாணத்துக்குப் பிறகு வெர்னை அப்பா என்றே கூப்பிட்டாள். வெர்னுக்கும் அதில் தாங்க முடியாத பெருமை.

செப்டம்பரில் ஒரு நாள் கோரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏதோ வாக்குவாதம். கோரி எழுந்து போனான். கைத்துப்பாக்கியை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில், கரண்டி வைக்கிற இடத்தில் வைத்தான். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தான். நீட்டவில்லை, மிரட்டவில்லை. எதிரே ட்ரினாவும் ஐந்து வயது மகள் ஹேசலும் அவன் முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ட்ரினா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

மேசைமேல் துப்பாக்கி இருப்பது எங்கள் வீடுகளில் புதிதில்லை. துடைப்போம், எண்ணெய் போடுவோம், பக்கத்திலேயே காபி குடிப்போம். மேசைமேல் வைத்ததற்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவார்கள் என்று வெர்ன் ஜோனிடம் முணுமுணுத்தார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஜோன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தொடைக்கிறதுக்கா வெச்சான், வெர்ன்?" என்று கேட்டாள்.

வெர்ன் அடுப்புக்கு விறகு எடுக்க வெளியே போனார்.

நீதிபதி உத்தரவு போட்டார். கோரி வீட்டுப் பக்கம் போகக் கூடாது, துப்பாக்கி எதையும் தொடக் கூடாது. அவனிடம் இருப்பவற்றை ஷெரிப் ஆபீஸில் ஒப்படைக்கலாம், இல்லை ட்ரினா சம்மதித்தால் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். நீதிபதி ட்ரினாவைக் கேட்டார். அவள் திரும்பிப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்னைப் பார்த்தாள். அப்பாவிடம் இருக்கட்டும் என்றாள்.

வெளியே வந்ததும் வெர்னின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷெரிப் ஆபீஸ் என்றால் கடைத்தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், எல்லாரும் பார்ப்பார்கள். "ஊர் சிரிக்க வேணாம்பா. என்ன இருந்தாலும் ஹேசலுக்கு அப்பன்" என்றாள். என்னைத் தாண்டி எதுவும் போகாது, நீ நிம்மதியாகத் தூங்கு என்று வெர்ன் அவளுக்கு வாக்குக் கொடுத்தார். கோரியின் துப்பாக்கிகளைத் தன் இரும்புப் பெட்டியில் பூட்டி, பூட்டின் எண்ணை மாற்றினார். எல்லாம் சுத்தம்.

நவம்பர் வந்தது. நவம்பரில் எங்களுக்கு இரண்டு வாரம் உலகம் கிடையாது. மான் சீசன் தொடங்குகிற நாளில் பள்ளிக்கூடமே மூடிவிடும். ஹாப்பலா குடும்பத்துக்குக் காட்டுக்குள் ஒரு கேம்ப் உண்டு. வெர்னின் தாத்தா கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு, பக்கத்திலேயே நீராவியில் குளிக்க ஒரு சவுனா அறை. ஜோனின் தம்பி ரஸ், க்ளிஃப், வெர்ன், கோரி, இவர்கள்தான் வருஷா வருஷம். அந்த வீட்டுச் சுவர் முழுக்கச் சட்டைத் துணிகள் ஆணியடித்துத் தொங்கும். மானைக் குறிவைத்துத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதி மாட்டிவிடுவார்கள். கோரி பதினான்கு வயதில் விட்ட மானுக்கான நீலக் கட்டம் போட்ட துண்டு இன்றைக்கும் அடுப்புக்கு மேலே இருக்கிறது. ஒருவன் செய்த தப்பை அங்கே மறக்க விடமாட்டார்கள். அதுதான் அந்த இடத்தின் சுகமே.

கோரி இப்போது மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தான். சில வாரமாகக் குடிக்கவில்லை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிறு தவறாமல் வந்து அப்பாவுக்கு விறகு பிளந்து கொடுத்தான். ஒரு ஞாயிறு கோடாலியைக் கட்டையில் ஊன்றிவிட்டு, இந்த வருஷம் கேம்ப்புக்கு வரப்போவதில்லை என்றான்.

"வெறுங்கையோட வந்து என்ன பண்றது? பாத்திரம் கழுவவா?" என்றான். "துப்பாக்கி எங்கடான்னு ரஸ் மாமா கேப்பாரு. பொண்டாட்டி பிடுங்கிட்டான்னு சொல்லச் சொல்றியா?"

வெர்னுக்கு முகம் சுண்டிப்போனது. கோர்ட்டு விஷயம் கேம்ப் ஆட்களுக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி பிரிந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். இப்போது க்ளிஃப் வாய்க்கு இது கிடைத்தால்? ஊர்க் கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திப் பேசிய ஹாப்பலாவின் மகனிடமே நீதிபதி துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டார் என்று சீட்டாட்டத்துக்கு நடுவில் அவன் எப்படிச் சொல்வான் என்பது வெர்னின் காதில் அப்போதே கேட்டது.

ஜோன் வேண்டவே வேண்டாம் என்றாள்.

"அவன் எனக்கும் பிள்ளைதான். இந்த ஒரு வருஷம் வீட்ல கெடக்கட்டும். கேட்டா முதுகு புடிச்சுக்கிச்சுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க" என்றாள்.

எவ்வளவு சின்னப் பொய்! அதைச் சொல்ல வெர்னுக்கு மனசு வரவில்லை. கோரியின் துப்பாக்கியில் ஒன்றைக்கூட எடுக்க மாட்டேன் என்று மட்டும் ஜோனுக்குச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை அவர் மீறவும் இல்லை. அவர் எடுத்துக் கொடுத்தது தன்னுடையதை. அவருடைய அப்பா வைத்திருந்த ரைபிள். ஒருமுறை பாறையில் விழுந்து அதன் மரப்பிடி விரிசல் விட்டு, அப்பா செம்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தார். அந்தக் கம்பியைப் பார்த்தாலே வெர்ன் வருகிறார் என்று காட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் வாக்குக் கொடுத்தது அவன் துப்பாக்கிகளுக்கு, அவை பெட்டியைவிட்டு நகரவில்லை, என் துப்பாக்கியை என் பிள்ளைக்கு இரண்டு வாரம் இரவல் கொடுக்க எனக்கு உரிமை இல்லையா? சப்பைக்கட்டு என்றால் இதுதான் சப்பைக்கட்டு. எந்தத் துப்பாக்கியையும் தொடக் கூடாது என்று நீதிபதி சொன்னபோது அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

கொட்டகையில் வைத்துக் கொடுத்தார். காட்டில் மானுக்காகக் காத்திருக்கிற பரணுக்குப் போகணும், கேம்ப்புக்கு வரணும், வேறெங்கும் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். கொடுப்பதற்கு முன் பழக்க தோஷத்தில் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டினார். மகனும் குழாயை மேலே பார்க்கப் பிடித்து, விசையில் விரல் படாமல் வாங்கிக்கொண்டான். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

சீசனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கேம்ப்பில் எல்லாரும் சவுனாவில் வெந்து, பனியில் உருண்டு, ஜோன் கட்டிக்கொடுத்த பாஸ்டிகளை, இறைச்சி அடைத்த ரொட்டிகளை, சுடவைத்துச் சாப்பிட்டார்கள். ரஸ் சுவரோரம் சாய்த்திருந்த ரைபிளைப் பார்த்துவிட்டு, தாத்தா துப்பாக்கி உன் கையில் எப்படி, உன்னோடது எங்கே என்று கோரியைக் கேட்டான். வெர்ன் முந்திக்கொண்டு, அது இனிமேல் அவனுக்குத்தான், கைமாற்றிக் கொடுத்துவிட்டேன் என்றார். உடனே ஒரே கூச்சல், வாழ்த்து. க்ளிஃப் எழுந்து கோரியின் கையில் ஒரு பீரைத் திணித்தான்.

வெர்ன் அதைப் பார்த்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பார்க்காததுபோல் சீட்டைக் கலைத்தார். கோரி அதைக் குடித்தான், அடுத்ததையும் குடித்தான். பல வாரத்துக்குப் பிறகு வெர்ன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். பின்னால் அவரை அதிகம் கூச வைத்தது அந்தத் தூக்கம்தான்.

விடிவதற்குள் நால்வரும் அவரவர் பரணுக்குக் கிளம்பினார்கள். வெளிச்சம் வந்ததும் காடு முழுக்க, ஏரிக்கரையிலிருந்து மலைமேடு வரை, டப் டப் என்று வெடிக்க ஆரம்பித்தது. சீசன் முதல் நாள் எப்போதும் இப்படித்தான். எங்கே யார் சுட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெயில் ஏறியதும் வெர்ன் பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு கோரியின் பரணுக்கு நடந்தார். புதுப் பனி பெய்திருந்தது. பரணுக்குப் போகிற பாதையில் முயல் தடம் இருந்தது, மனிதத் தடம் இல்லை.

கேம்ப் வாசலுக்குத் திரும்பி ஓடினார். கோரியின் வண்டி நின்ற இடம் காலி. ரோட்டு முனைக் கேட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே போய் மகனைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. நேட்டின் எண்ணைத் தேடி எடுத்தார். விரல் அதன்மேல் நின்றது. கூப்பிட்டால் என்ன சொல்வது? உத்தரவு உள்ள என் மகனிடம் துப்பாக்கி இருக்கிறது, கொடுத்தது நான். இவ்வளவுதான் வாக்கியம். வாயில் வரவில்லை. தப்பாக நினைக்கிறோமோ, பையன் சும்மா எங்காவது போயிருப்பான், அவசரப்பட்டுப் போலீஸிடம் மானத்தை வாங்கிவிட்டால் பிறகு அள்ள முடியுமா என்று நினைத்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேம்ப்பில் ரஸ் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். கோரி எங்கே என்று கேட்டான். சிகரெட் வாங்கப் போயிருப்பான் என்றார் வெர்ன். அதோடு விட்டாரா? பதறி எழுந்து போனால் சந்தேகப்படுவார்கள் என்று உட்கார்ந்து, தட்டில் வைத்த முட்டையை, தொண்டையில் இறங்காத முட்டையை, காபி ஊற்றி ஊற்றி முழுங்கினார். க்ளிஃபின் ஜோக்குக்குச் சிரித்தார். அப்புறம்தான், கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது, வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார்.

வழியெல்லாம் இரண்டு பக்கமும் காடு வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவர் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது.

ட்ரினா வீட்டு வாசலில் ஷெரிப் வண்டி நின்றது. ஆம்புலன்ஸ் அப்போதுதான் கிளம்பியது. சமையலறை ஜன்னலில் கண்ணாடி இல்லை, திரை வெளியே பறந்துகொண்டிருந்தது. ஷெரிப் வண்டியின் பின்சீட்டில் கோரி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டுக் கிழவர் ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் யாரோ ரோட்டோரத்தில் கொம்பு மானை அடித்துவிட்டான் என்று நினைத்து, காபிக் கோப்பையை உயர்த்தி, சபாஷ் என்று கத்தினாராம். அதையே வருகிறவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ட்ரினாவுக்குத் தோளில் குண்டு. உயிர் பிழைப்பாள் என்றார்கள். பள்ளிக்கூடம் மூடிய நாள் என்பதால் ஹேசல் குளியல் தொட்டியில் விளையாடிக்கொண்டிருந்தாள், இரும்புத் தொட்டி, அவளுக்கு ஒன்றுமில்லை. கீழே விழுந்த ட்ரினா தவழ்ந்து போய், குழந்தையைத் தொட்டியைவிட்டு எழாதே என்று சொல்லி, தானேதான் போன் செய்திருக்கிறாள். நேட் கூப்பிடு தூரத்தில், முக்குரோட்டு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இவள் கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டான். வெர்ன் முட்டை தின்ற நேரத்தில் ஒரு போன் போட்டிருந்தால், கோரி இந்த வாசலுக்கு வரும்போது நேட் இங்கே நின்றிருப்பான். நேட் அதைச் சொல்லவில்லை. வெர்னுக்கே கணக்குப் புரிந்தது.

வண்டியின் முன்பக்கத்தில் ரைபிளைக் கிடத்தியிருந்தார்கள். திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, வெர்ன் சொல்லிக்கொடுத்த மாதிரியே. செம்புக் கம்பி வெயிலில் மின்னியது. நேட் அவர் பக்கத்தில் வந்தான்.

"வெர்ன் சார், இது உங்களோடதுதானே?"

"கோரியோட துப்பாக்கி எல்லாம் பெட்டிலதான் இருக்கு. ஒண்ணகூட நான் எடுக்கல" என்றார் வெர்ன்.

ஒரு பெண் ரத்தம் சொட்டச் சொட்ட இப்போதுதான் போயிருக்கிறாள், இந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது.

"நான் அதக் கேக்கல சார்" என்றான் நேட். அதட்டிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னான். வெர்னுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது.

கோரி ஜெயிலுக்குப் போனான். வெர்ன் தான் கொடுத்ததை ஒத்துக்கொண்டார். அதே நீதிபதி, வயதையும் இத்தனை வருஷ நற்பெயரையும் பார்த்து உள்ளே தள்ளாமல், இனி அவர் வீட்டில் துப்பாக்கி எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வாங்கிப்போக நேட்தான் வந்தான். வெர்ன் ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து காட்டி, அவன் கையில் கொடுத்தார். பிணத்தைத் தாண்டித்தான் என்று பேசியதை நேட் ஞாபகப்படுத்தவில்லை. ஊரில் ஒருத்தருமே ஞாபகப்படுத்தவில்லை. சீண்டாமல் ஒரு நாளைக்கூட ஓட்டத் தெரியாத க்ளிஃபே, கடையில் அவரைப் பார்த்தால் முதுகில் தட்டிவிட்டு வானிலையைப் பேசினான். மனிதர் அதற்காகவே கடைக்குப் போவதை நிறுத்தினார். வகுப்பையும் விட்டுவிட்டார்.

ஊர் அவருக்கு ஒரு நியாயமும் தேடிக் கொடுத்தது. பெத்த பாசம் என்றார்கள். ரஸ் சொன்னான், பாதிரியார் சொன்னார், கோர்ட்டில் வக்கீலும் அதைத்தான் சொன்னார்: தகப்பன் மனசு, என்ன செய்வார் பாவம்? வெர்ன் மறுக்கவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார், சொன்னவர்கள் கண் கலங்குவார்கள். ஜோன் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதை வெளியே சொல்லாமல் இருந்தது அவள் செய்த தயவு. அந்தத் தயவுக்கு நடுவில் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுவது வெர்னுக்குத் தினமும் தண்டனையாக இருந்தது.

பனி உருகி ரோடெல்லாம் சேறான சமயத்தில் ட்ரினா ஹேசலை அழைத்துக்கொண்டு ஜோனைப் பார்க்க வந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதுமே வெர்ன் பின்வாசல் வழியாக விறகுக் கொட்டகைக்கு நழுவிவிட்டார். அடுக்கிய விறகைக் கலைத்து மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. ட்ரினா நின்றிருந்தாள். இடது கை அவளுக்கு இடுப்புக்கு மேல் எழும்புவதில்லை என்று ஜோன் சொல்லியிருந்தாள். அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தாள்.

"மிஸ்டர் ஹாப்பலா" என்றாள்.

வகுப்பில் படித்த காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள். வெர்ன் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நான் ஏன் ஜன்னல்கிட்ட நின்னேன்னு யாரும் கேக்கல. கோர்ட்லயும் கேக்கல" என்றாள். "வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். மரத்துக்குப் பின்னால வேட்டைக்காரங்க போடற ஆரஞ்சு கோட்டு. மூஞ்சி தெரியல. மொதல்ல தெரிஞ்சது அந்தச் செம்புக் கம்பி. அப்பா வந்துட்டாருன்னு நெனச்சேன். கையக்கூட ஆட்டினேன்."

வெர்ன் விறகுக் குவியலைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் பெத்த பாசம்னு சொல்றாங்க. இருக்கலாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அதை அவன் கையில குடுக்கும்போது என்னப் பத்தி நெனச்சீங்களா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. நினைத்தேன் அம்மா, ஆனால் பையனை நம்பிவிட்டேன் என்றால் போதும். அவளே அழுதிருப்பாள், இவரும் அழுதிருப்பார், ஒருவேளை மறுபடியும் அப்பா என்றுகூடக் கூப்பிட்டிருப்பாள். இத்தனை மாதமாக ஊர் கொடுத்த போர்வை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"இல்ல" என்றார்.

"ஹேசலப் பத்தி?"

"இல்ல."

"அவனப் பத்தியாவது?"

"துப்பாக்கி இல்லாம அவன் வந்தா க்ளிஃப் என்னப் பாத்து என்ன சொல்லுவான்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் நெனச்சேன்" என்றார்.

ட்ரினா திட்டவில்லை. அழவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்குள்ளிருந்து ஹேசல் பாட்டியிடம் ஏதோ கேட்டுச் சிரிக்கிற சத்தம் வந்தது.

"ஹேசல் வளந்ததும் ஒரு நாள் உங்ககிட்ட வந்து கேப்பா" என்றாள் ட்ரினா. "அவகிட்டயும் இதையே சொல்லுங்க. பாசம்னு சொல்லிடாதீங்க."

"சரி" என்றார் வெர்ன்.

அவள் சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வீட்டுக்குத் திரும்பினாள். வெர்ன் ஹாப்பலா கொட்டகையிலேயே நின்றார். ஹேசலை அழைத்துக்கொண்டு அவள் வண்டி கிளம்பிப் போகிறவரை வெளியே வரவில்லை.